எண்ணெய்ச் சட்டி வைக்காத வீடு

மகளின் பினஃபோரில் பள்ளிச் சின்னத்தைத் தைக்கும்போது புஷ்பவள்ளி நூலை இறுக்குவதில்லை. நான்கு ஓரத்திலும் பெரிய பெரிய தையலாக ஓட்டி, கடைசியில் முடிச்சுப் போடாமல் நூலின் நுனியைச் சின்னத்துக்கு அடியில் செருகிவிடுவாள். பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் கழன்றுவிடும். துணியில் ஊசி போன தடம்கூட இருக்காது. இப்படித் தைத்தால் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று பக்கத்து வீட்டுக்காரி ஒருமுறை கேட்டதற்கு, "நாம இருக்கிற வரைக்கும் தாங்கும்லா" என்றாள்.

லூனாஸ் அருகே ஒரு தாமான் குடியிருப்பின் கடைசி வரிசையில் அவர்களுடைய வாடகை வீடு. கணவன் லோகேஸ்வரன் செம்பனைக் குலை வெட்டுகிறவன். கண்ட்ராக்டர் எந்தத் தோட்டத்தில் வேலை எடுக்கிறாரோ அந்தத் தோட்டத்துக்குப் போக வேண்டும். கண்ட்ராக்டருக்கு வேலை இருக்கிற காலத்தில் இவனுக்கும் வேலையை மேற்பார்க்கும் மண்டோருக்கும் வாய்ச் சண்டை வந்துவிடும். பிறகு வேறு கண்ட்ராக்டர், வேறு ஊர். செமிலிங் பக்கம் இருந்தார்கள். பெண்டாங்கில் நெல் அறுப்புக் காலத்தில் லோரிக்குக் கூட ஆளாகப் போனான், அங்கேயும் குடும்பத்தோடு இருந்தார்கள். சுங்கைப்பட்டாணிக்கு வெளியே ஒரு தோட்டத்து லயத்தில் மழைக்காலம் முழுக்க இருந்துவிட்டு, தரை காய்வதற்குள் கிளம்பினார்கள். போன ஊர்களையெல்லாம் புஷ்பவள்ளி பெயரால் நினைவு வைத்துக்கொள்வதில்லை. "தண்ணி கலங்கலா வந்த வீடு", "பாம்பு வந்த வீடு", "நல்ல மீன்காரன் இருந்த வீடு" என்றுதான் சொல்வாள்.

வீடு மாறுவதில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. பாதி நாளில் மொத்தச் சாமானையும் லோரியில் ஏற்றிவிடுவாள். சோற்றுப் பானைக்குள் மசாலா டின்கள், வாளிக்குள் சாமிப் படங்கள், தலையணை உறைக்குள் தட்டுகள். பெயிண்ட் டின்னில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடியை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் உட்காருவாள். விட்டுப் போகிற ஊரில் யாரிடமும் போய்ச் சொல்லிக்கொள்ள மாட்டாள். "சொல்லிக்கிட்டா அழுக வரும். அழுதா லோரிக்காரன் ஏசுவான்" என்பது அவள் கணக்கு.

இதைவிடப் பெரிய பெருமை ஒன்று இருந்தது. மகள் தேவிஷா. ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். எத்தனை பள்ளிக்கூடம் மாறியும் முதல் நாளில் அழுததே இல்லை என்பதை புஷ்பவள்ளி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். மற்ற பிள்ளைகள் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கும்போது இவள் மகள் பையை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்து போவாளாம். "எம்மகள எங்க கொண்டு போயி விட்டாலும் ஒட்டிக்கும். கோந்து மாதிரி" என்று கையுறைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்யும் பெண்களிடம் சொல்லுவாள்.

அந்தத் தொழிற்சாலையில் அவள் பொட்டலம் கட்டும் பிரிவில் இருக்கிறாள். விடியுமுன் தாமான் முனையில் பேக்டரி பஸ் வந்து நிற்கும். ஜன்னலோரம் உட்கார்ந்து, பஸ் பெரிய சாலைக்குத் திரும்புவதற்குள் தூங்கிவிடுவாள். திரும்பி வரும்போது மாலையாகிவிடும். லூனாஸ் பள்ளிக்கூட வாசலை அவள் பார்த்ததில்லை. தேவிஷாவை அங்கே சேர்த்ததும் லோகேஸ்வரன்தான், ரிப்போர்ட் கார்டு வாங்கியதும் அவன்தான். அந்தச் சனிக்கிழமை அவளுக்கு லீவு இருந்தது, போகிறேன் என்றுதான் சொன்னாள். "நீங்க வேணாம்மா, அப்பா வரட்டும்" என்றாள் மகள். வேலைக்குப் போய்க் கறுத்துப் போன அம்மாவைக் காட்டப் பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும்போல என்று புஷ்பவள்ளி அன்று மனதுக்குள் சிரித்துக்கொண்டாள். பெரிய பிள்ளை ஆகிறாள், அப்படித்தான் இருக்கும்.

லூனாஸுக்கு வந்த பிறகு தேவிஷா மாறித்தான் போயிருந்தாள். காலையில் எழுப்ப வேண்டியதில்லை. சனி ஞாயிறுகூடப் பள்ளிக்கூடம் இருந்தால் தேவலை என்றாள். கட்டிக்கொடுத்த சோறு சில நாள் அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், கூடப் படிக்கும் லவினா தன் சாப்பாட்டில் பாதி கொடுத்துவிட்டாள் என்பாள். ஒரு நாள் காலையில் புஷ்பவள்ளி பின்னிவிட்ட ஒற்றைச் சடை, மாலையில் இரட்டைச் சடையாக, ரிப்பன் வைத்து, வகிடு நேராகத் திரும்பி வந்தது. டீச்சர் ரெஹாட் இடைவேளையில் பின்னிவிட்டாராம். இப்படியும் ஒரு டீச்சரா என்று அவள் பேக்டரியில் போய்ச் சொல்லி ஆச்சரியப்பட்டாள். பள்ளியில் தீபாவளி விருந்து வைத்தபோது மட்டும் ஒன்று புரியவில்லை. புதுப் பாவாடை தாவணி எடுத்து வைத்திருந்தும் தேவிஷா வெறும் பள்ளிச் சீருடையில்தான் போவேன் என்று நின்றாள். புஷ்பவள்ளி கெஞ்சியும் பார்த்தாள், மிரட்டியும் பார்த்தாள். பிள்ளை அசையவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள் மத்தியானம் புஷ்பவள்ளி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள். லோகேஸ்வரன் கடைக்குப் போயிருந்தான். தேவிஷா பின்னால் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வாசலில் ஒரு காடி வந்து நின்றது. அதிலிருந்து இறங்கிய பெண்ணுக்கு இவள் வயதுதான் இருக்கும். வெளுத்துப்போன சுடிதார், பூ இல்லாத தலை. கூடவே ஒரு சிறுமி. ஆளுக்கு ஒரு பிளாஸ்டிக் டின்னை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்கள்.

"தேவிஷா வீடு இதுதானே?"

"ஆமாங்க, வாங்க" என்று புஷ்பவள்ளி மாவுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறந்தாள்.

அந்தப் பெண் பதிலுக்குச் சிரிக்கவில்லை. வணக்கமும் சொல்லவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தாள். தன் பெயர் ஷாமளா, இவள் தன் மகள் லவினா, தேவிஷாவும் இவளும் ஒரே மேசை என்று தணிந்த குரலில் சொன்னாள். டின்னை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"துக்கம் நடந்த வூட்டுல எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டாங்க, தேவிஷாவுக்குப் பலகாரமே இருக்காதும்மான்னு இவ ரெண்டு நாளா ஒரே பாட்டு. அதான் நாங்க சுட்டதுல கொஞ்சம் எடுத்தாந்தோம். தப்பா நெனைச்சுக்காதீங்க."

வீடு தெரியாமல் வந்துவிட்டார்கள் என்றுதான் புஷ்பவள்ளி முதலில் நினைத்தாள். அடுத்த சந்தில் ஒரு கிழவர் போய்ச் சேர்ந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அந்த வீட்டுக்கு வழி சொல்வதற்காக வாயைத் திறந்தவள், இவர்கள் தன் மகள் பெயரைச் சொல்லித்தான் கேட்டார்கள் என்பது உறைக்க, அப்படியே நின்றாள்.

"யாரு தவறிட்டாங்க?" என்றாள்.

ஷாமளா மகளைப் பார்த்தாள். லவினா பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய பிள்ளை. "தேவிஷா அம்மா, ஆண்ட்டி. புஷ்பவள்ளி. நாங்க வெள்ளிக்கிழம தேவாரம் பாடிட்டு அவங்க பேரச் சொல்லிக் கும்பிடுவோம். பேக்டரி பஸ்ஸு பெரண்டிருச்சுல்ல, அதுல இருந்தாங்க. ஜன்னல் பக்கத்துல உக்காந்து தூங்கிட்டு இருந்தாங்களாம். அதனால வலிச்சிருக்காதுன்னு டீச்சர் சொன்னாங்க."

அடுப்பில் எண்ணெய் புகைய ஆரம்பித்திருந்தது. புஷ்பவள்ளி அந்தப் பக்கம் திரும்பவில்லை. தன் பெயரை ஒரு குழந்தை இறந்தவர் பெயரைச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னதை அவள் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று விடிகாலையில் ஏறிய பஸ், அந்த ஜன்னலோரம், கண்ணாடியில் சாய்த்த தலை. அவள் எப்படித் தூங்குவாள் என்பது வீட்டில் சொல்லித்தான் தெரிந்திருக்க வேண்டும். அவளேதான் மகளிடம் சிரித்துக்கொண்டு சொல்லியிருப்பாள்.

பின்கதவில் தேவிஷா நின்றாள். தோளில் ஈரத்துணி. அழவில்லை, ஓடவில்லை. அம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை புஷ்பவள்ளி அதுவரை கண்டதில்லை. ஏனென்றால் எந்தப் பள்ளிக்கூடத்து வாசலிலும் பிள்ளை திரும்பிப் பார்த்ததே இல்லை. பையை மாட்டிக்கொண்டு உள்ளே போனபின், வகுப்பறைக் கதவருகே நின்று புது டீச்சரை இப்படித்தான் பார்த்திருப்பாள். எங்கே உட்காரச் சொல்லப் போகிறார்களோ என்று.

"நீங்க யாருன்னு கேக்கவே இல்லையே" என்றாள் ஷாமளா.

புஷ்பவள்ளி மகளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள். "நான் அவ சின்னம்மா."

"அதானே பார்த்தேன். ஒரே சாடை." ஷாமளாவின் முகம் இளகியது. ஆனால் அவளும் தமிழ்க் குடும்பத்தில் வளர்ந்தவள்தான். கண் அடுப்படிப் பக்கம் போயிற்று. "அப்ப உங்களுக்கும் கூடப் பொறந்த அக்காதானே? வருஷம் திரும்பறதுக்குள்ள நீங்க எண்ணெய்ச் சட்டி வைக்கலாமா?"

"ஆர்டருங்க. விக்கறதுக்கு. நாங்க வாயில வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு புஷ்பவள்ளி போய் அடுப்பை அணைத்தாள். பொய் இத்தனை லேசாக வரும் என்று அவளுக்கே தெரியாது. படம் மாட்டவில்லையா என்று ஷாமளா கேட்டபோதும், பிள்ளை பார்த்துப் பார்த்து அழுகிறாள், எடுத்து வைத்துவிட்டோம் என்று பதில் தயாராக இருந்தது. தேவிஷாவுக்கு இது எங்கிருந்து வந்தது என்று இனி வெளியே தேட வேண்டியதில்லை.

ஷாமளா உட்காரவில்லை. படம் இல்லாத வெறும் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக் கைகூப்பினாள். லவினாவும் கூப்பினாள். "பிள்ளைய நல்லபடியா வளத்திருக்காங்க. ஒரு வார்த்த எதுத்துப் பேசாது, மத்த பிள்ளைங்க பொருளத் தொடாது. பார்க்கக் குடுத்து வைக்கல, பாவம்" என்றாள். உயிரோடு இருந்த நாளில் புஷ்பவள்ளியைப் பற்றி யாரும் இப்படிச் சொன்னதில்லை. நாளைக் காலையில் தேவிஷாவைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போகிறோம், பசியாறிவிட்டு லவினாவோடு இருக்கட்டும், சாயங்காலம் கொண்டுவந்து விடுகிறேன் என்றாள். அம்மா இல்லாத பிள்ளையை நல்ல நாளில் வீட்டில் அடைத்து வைக்காதீர்கள் என்று கிளம்பும்போது இன்னொரு முறை சொன்னாள்.

காடி போயிற்று. அடிப்பதற்கு புஷ்பவள்ளிக்குக் கை எழவில்லை. மாவுச் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்கள்.

தேவிஷா சொன்னதெல்லாம் கோர்வையாக வந்தது. புதிதாக வந்த பிள்ளை என்றால் கடைசி மேசைதான். யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், எப்படியும் போய்விடுவாள் என்று அவர்களுக்குத் தெரியும். ரெஹாட்டில் கழிவறைச் சுவரோரம் நின்று சாப்பிடுவாள். ஒரு பள்ளியில் கூடப்படித்த பிள்ளைக்கு அம்மா இறந்துபோனார். மறுநாளிலிருந்து எல்லாரும் அந்தப் பிள்ளையோடு உட்காரச் சண்டை போட்டார்கள். அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

"மொதல்ல அப்பாவத்தான் சொன்னேன்" என்றாள். "போன பள்ளிக்கூடத்துல. உங்களச் சொல்ல மனசு வரல. ஆனா யாரும் கண்டுக்கல. அங்க நெறைய பேருக்கு அப்பா இல்ல."

புஷ்பவள்ளி மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதான் இங்க உங்கள. மன்னிச்சிருங்கம்மா. லவினா எனக்கு எடம் புடிச்சு வெக்கிறா. நான் லேட்டா போனாலும் அந்த எடத்துல யாரையும் உக்கார விட மாட்டா."

பொழுது சாய்ந்து லோகேஸ்வரன் வந்தான். விஷயத்தைக் கேட்டு முதலில் சிரித்தான். ரிப்போர்ட் கார்டு அன்று டீச்சர் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்றது மகளின் மார்க்கைப் பற்றி என்றுதான் நினைத்திருந்தானாம். "என்னையும் கொன்னுட்டியா, ஒரு பிரயோசனமும் இல்லாமலேயே?" என்று மகளின் தலையில் தட்டினான். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தி நாற்காலியில் உட்கார்ந்தான். அவனிடமும் ஒரு செய்தி இருந்தது. கண்ட்ராக்டர் போன் செய்திருந்தார். பெண்டாங் பக்கம் புதுத் தோட்டம் எடுத்திருக்கிறார், தீபாவளி கழித்து லோரி வரும். சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்தது.

"இதுவும் நல்லதுக்குத்தான். போயிட்டா எல்லாம் முடிஞ்சு போச்சு. இங்க நீ செத்தாலும் பொழைச்சாலும் யாரு வந்து கேக்கப் போறா? அங்க போயி நீ பழையபடி உயிரோட இருக்கலாம்."

அவன் சொன்னதில் தப்பில்லை. லோரி வந்தால் இந்தப் பொய் இங்கேயே கிடந்து மக்கிப் போகும். புதுப் பள்ளிக்கூட வாசலில் அவளே போய் நிற்கலாம், நான்தான் அம்மா என்று சொல்லலாம். ஒருத்தரும் பேய் பார்த்ததுபோல் பார்க்க மாட்டார்கள். இங்கே இருந்தால் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல், பிள்ளை ஆறாம் ஆண்டை முடிக்கும் வரையில், அவள் செத்தவள்தான்.

"அங்க யாரக் கொல்லுவா?" என்று கேட்டாள்.

லோகேஸ்வரனுக்குச் சட்டென்று புரியவில்லை.

"அப்பா செத்தாச்சு. அம்மா செத்தாச்சு. அடுத்த பள்ளிக்கூடத்துல யாரச் சொல்லுவா?"

அவன் மகளைப் பார்த்தான். தேவிஷா தன் கால் விரல்களைப் பார்த்தாள். அவள் அதை ஏற்கனவே யோசித்து வைத்திருக்கிறாள் என்பது அந்தக் குனிவிலேயே தெரிந்தது. இனி எஞ்சியிருப்பது தேவிஷா ஒருத்திதான். லோகேஸ்வரன் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

"நீங்க போங்க. மாசத்துக்கு ரெண்டு தடவ வாங்க" என்றாள் புஷ்பவள்ளி. "நானும் பிள்ளையும் இங்கயே இருக்கோம். எனக்குப் பேக்டரி இருக்கு."

"நீ இங்க செத்தவளாச்சே. பள்ளிக்கூடத்துல மீட்டிங்னா யாரு போவா?"

"சின்னம்மா போவா."

அதற்குப் பிறகு அன்று அந்த வீட்டில் யாரும் முறுக்கைப் பற்றிப் பேசவில்லை. பிசைந்த மாவு புளித்துப் போகட்டும் என்று மூடி வைத்தாள். மிஞ்சிய எண்ணெய் ஆறிய சட்டியோடு அப்படியே இருந்தது.

மறுநாள் விடியலில் வழக்கம்போல மகளை மணையில் உட்காரவைத்துத் தலைக்கு எண்ணெய் வைத்தாள். உச்சியில் மூன்று சொட்டு, பிறகு உள்ளங்கை நிறைய. தேவிஷா இத்தனை வருஷத்தில் எந்த ஊரிலும் அழாத பிள்ளை, எண்ணெய் காதோரம் வழிந்தபோது தோள் குலுங்க அழுதாள். புஷ்பவள்ளி தேய்த்துக்கொண்டே இருந்தாள். சுடுநீர் ஊற்றினாள், துவட்டினாள். புதுப் பாவாடையை எடுத்துத் திரும்ப மடித்து உள்ளே வைத்துவிட்டு, துவைத்த பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தாள்.

அக்கம்பக்கத்தில் வெடிச் சத்தம் தொடங்கியபோது ஷாமளாவின் காடி வந்தது. லவினா பின்சீட்டிலிருந்தே கையாட்டினாள். ஷாமளா இறங்கி, நீங்களும் வாருங்கள் என்று உபசாரத்துக்குக் கேட்டாள். புஷ்பவள்ளி இல்லை என்று தலையசைத்தாள். தேவிஷா கேட்டைத் தாண்டி நாலடி நடந்து நின்றாள். வாழ்நாளில் முதல் முறையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"போயிட்டு வரேன், சின்னம்மா."

ஈரம் காயாத முடிக்கற்றை ஒன்று அவள் கண்மேல் விழுந்து கிடந்தது. அதை ஒதுக்கிவிட புஷ்பவள்ளி கையை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அதற்குள் ஷாமளா பிள்ளையின் தோளை அணைத்து, விரலால் அந்த முடியைக் காதுக்குப் பின்னால் செருகிவிட்டிருந்தாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் புஷ்பவள்ளி ஒரு கணம் நின்றாள். பிறகு அந்தக் கையாலேயே கேட்டை இழுத்துச் சாத்தி, உள்பக்கம் கொண்டி போட்டாள்.